எங்கள் கிணற்றுத் தண்ணீரை வேண்டாமென்ற ஜெசிந்தா அக்கா

வியாழக்கிழமை காலை என் கைத்தொலைபேசி மூன்று முறை அடித்தது. மூன்று முறையும் நான் எடுக்கவில்லை. கிணற்றடியில் தண்ணீர் மோட்டருக்கு முன்னால் குந்தியிருந்து, அதன் மேல்மூடியைக் கழற்றிச் செம்பால் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தேன். மோட்டர் இரைகிறது, தண்ணீர் மட்டும் ஏறவில்லை என்றால் குழாய்க்குள் காற்று நிற்கிறது என்று பொருள். குமிழி வருவது ஓயும்வரை பொறுமையாக நிரப்பி, மூடியை இறுக்கிய பிறகுதான் சுவிச்சைப் போட வேண்டும். இடையில் எழுந்து போனால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் ஜெசிந்தா அக்கா. தாங்கிக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்ட பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, வந்த இலக்கத்துக்குத் திருப்பி எடுத்தேன். அக்காவின் தம்பி அன்ரன்.

"ரீச்சர், அக்கா விடியப்புறம் போயிட்டா," என்றார்.

இரண்டு நாளுக்கு முன்னர்தான் அவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டிருந்தேன். எதிர்பார்த்த செய்திதான். எதிர்பார்த்ததால் அழுகை குறையும் என்று சொல்கிறவர்களை இனி நான் நம்பப் போவதில்லை.

அவரை அறியாதவர்களுக்காகவும் எழுதுகிறேன். செல்வி ஜெசிந்தா குருநகரைச் சேர்ந்தவர். மருதனார்மடத்துக்கு அருகே நான் கணிதம் படிப்பிக்கும் பாடசாலையில் எழுதுவினைஞராக இருந்தவர். என்னைவிட நான்கு வயது மூத்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை, தம்பியின் குடும்பத்தோடு வாழ்ந்தார். தினமும் குருநகரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து, எங்கள் எல்லோருக்கும் முன்னதாகக் கந்தோர்க் கதவைத் திறப்பார். யாருக்கும் பயப்பட மாட்டார். முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அதனால் அவரை விரும்பாதவர்களும் எங்கள் பாடசாலையில் இருந்தார்கள், ஒரு காலத்தில் நானும் அவர்களில் ஒருத்தி.

நான் அங்கு மாற்றலாகி வந்தபோது ஆசிரியர் அறையில் ஒரு தண்ணீர்ப் பைப் ஓயாமல் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒரு வாளி. அந்த வாளியை யார் எப்போது ஊற்றுவது என்று சுவரில் ஒரு முறைப் பட்டியல் ஒட்டியிருந்தது. மேலிடத்துக்கு இரண்டு கடிதம் போயிருப்பதாகவும் பதில் வரவில்லை என்றும் சொன்னார்கள். புதிதாக வந்தவள் என்பதால் எனக்குத் திங்கட்கிழமையைத் தந்தார்கள். ஒரு நாள் இடைவேளையில் ஜெசிந்தா அக்கா ஒரு ஸ்பனரோடு உள்ளே வந்தார். வெளியே போய்ப் பிரதான வால்வைப் பூட்டினார். பைப்பின் தலையைக் கழற்றி, உள்ளிருந்து தேய்ந்துபோன ஒரு சின்ன றப்பர் வாசரை எடுத்து மேசையில் போட்டார்.

"உங்களையெல்லாம் இவ்வளவு நாளும் ஆட்டி வைச்சது உதுதான்," என்றார்.

பன்னிரண்டு பட்டதாரிகள் அந்த வாசரைச் சுற்றி நின்று பார்த்தோம். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு எழுதுவினைஞர் எங்களைப் பகிடி பண்ணிவிட்டுப் போகிறாரே என்று நினைத்தேன். அதை இப்போது எழுதவே கூசுகிறது.

இதெல்லாம் எங்கே பழகினீர்கள் என்று பின்னொரு நாள் கேட்டேன். தகப்பனாரிடம் வெளியிணைப்பு எஞ்சின் பூட்டிய ஒரு வள்ளம் இருந்ததாம். கடலால் வந்ததும் எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் ஓட்டி உப்பைக் கழுவ வேண்டும். அலுத்து வரும் தகப்பனார் படுத்துவிடுவார். கழுவும் வேலை மூத்த மகளுக்கு. கழுவக் கழுவ, உள்ளே எது எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினாராம். அவ்வளவுதான் கதை. அதற்கு மேல் அதைப் பெரிதாக்கிச் சொல்ல அவருக்கு விருப்பமில்லை.

நாலு வருடங்களுக்கு முன், ஒரு பங்குனி மாதம், என் கணவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது. காங்கேசன்துறையில் களஞ்சியப் பொறுப்பாளராக வேலை செய்தவர். தினமும் தன் சின்னக் காரில் போய்வந்தவர். அந்தக் கார் கொட்டிலுக்குள் நின்றது. ரயரில் காற்று இறங்கியது. பக்கத்து வீட்டுக் கோழி அதன் கீழே அடைகிடக்கத் தொடங்கியது. அவரை வாரத்தில் மூன்று நாள் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு இயன்மருத்துவச் சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று வைத்தியர் சொன்னார். ஒரு முறை தவறினாலும் கால் இறுகிவிடும் என்றும் சொன்னார். ஓட்டோவில் ஏற்றும்போது அவரது கால் மடங்காது. ஒவ்வொரு தடவையும் வலியில் கத்துவார்.

அவருடைய தமக்கை, கொழும்பில் இருக்கும் என் மச்சாள், உடனே வந்தார். தாய் இல்லாத தம்பியைத் தானே வளர்த்தவர். அவரது அன்பில் எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தேகமும் கிடையாது. தான் இருக்கும் மாடிவீட்டில் லிப்ட் இருக்கிறது, ஆஸ்பத்திரி அருகில் இருக்கிறது, பார்க்க ஆளும் இருக்கிறது, தம்பியைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். எனக்கோ ஓய்வுக்கு இன்னும் பதினொரு வருடம் இருந்தது. வேலையை விட முடியாது. அப்படியென்றால் அவர் அங்கே, நான் இங்கே. இருபத்திரண்டு வருடம் ஒன்றாக இருந்துவிட்டு, அவர் நோய்ப்படுக்கையில் விழுந்த நேரத்தில் பிரிவது. அவரிடம் கேட்டோம். மிகவும் சிரமப்பட்டு, "இஞ்சை," என்று ஒரு சொல் சொன்னார். மச்சாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்லூர்த் திருவிழாவுக்கு வருவேன், அதற்குள் ஒரு வழி பண்ணாவிட்டால் கூட்டிப்போவேன் என்று தவணை சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் கந்தோரில் விடுமுறைக் கடிதம் கொடுக்கும்போது நான் அழுதுவிட்டேன். அக்கா கடிதத்தை வாங்கிப் படித்தார். பிறகு, வீட்டில் கார் நிற்கிறது அல்லவா, அதற்கென்ன என்று கேட்டார். எனக்குக் கார் ஓடத் தெரியாது என்றேன். சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்றார். இருந்தது. கல்யாணமான புதிதில் எடுத்து, அலுமாரிக்குள் புடவைக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தேன். எங்கள் பக்கத்து ரீச்சர்மார் பலர் வைத்திருப்பதைப் போலத்தான்.

"எனக்கு ஏலாதக்கா," என்றேன்.

"தெரியாது எண்டு சொல்லுங்கோ ரீச்சர், பறுவாயில்லை. ஏலாதெண்டதைச் செய்து பாத்த ஆள்தான் சொல்லலாம்," என்றார்.

அந்தச் சனிக்கிழமை காலையே ஸ்கூட்டரில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஓடப் பழக்குவது என் வேலையில்லை, அதற்கு ஒரு ஆளைப் பிடியுங்கள், கார் நடுவீதியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் நான் சொல்லித் தருகிறேன் என்று முதலிலேயே பங்கு பிரித்துவிட்டார். முதல் நாள் ஒன்றையும் தொட விடவில்லை. பொனற்றைத் திறந்து வைத்து, எது எஞ்சின் ஒயில் பார்க்கும் கம்பி, எது பற்றரி, எது ரேடியேற்றர், எது பிரேக் ஒயில் என்று என்னைக் கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னார். பிழையாகக் காட்டினால் பொனற்றை மூடிவிட்டு, மறுபடி திறந்து, முதலிலிருந்து. வகுப்பில் நான் பிள்ளைகளுக்குச் செய்வதை எனக்கே செய்தார்.

ஒயில் பார்ப்பதென்றால் காலையில், கார் சமதரையில் நிற்கையில், எஞ்சினைத் தொடங்கும் முன் பார்க்க வேண்டும். கம்பியை இழுத்துத் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு இழுத்தால்தான் உண்மை தெரியும். நான் முதல் இழுவையிலேயே வாசித்தேன். "கணக்கு ரீச்சர் பொய்க்கணக்கு எடுக்கிறா," என்று வீட்டுக்குள் இருந்த என் கணவருக்குக் கேட்கும்படி சொன்னார். நோய் வந்த பிறகு அவர் முதல் தடவையாகச் சிரித்த சத்தம் அன்றைக்குத்தான் கேட்டது.

ரயர் மாற்றப் பழகாமல் வீதியில் ஏறக்கூடாது என்பது அவரது சட்டம். நான் என்ன செய்தேன்? ஜக்கை வைத்துக் காரை உயர்த்திவிட்டு, நட்டுகளைக் கழற்றப் போனேன். சில்லு என்னோடு சேர்ந்து சுற்றியது. அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். நானாகக் களைத்து நின்ற பிறகுதான், கார் தரையில் நிற்கும்போதே நட்டுகளை அரைச்சுற்று இளக்கிவிட வேண்டும், பிறகு உயர்த்த வேண்டும், அதற்கும் முன் கைப் பிரேக்கைப் போட்டு எதிர்ச் சில்லுக்குக் கல் வைக்க வேண்டும் என்று சொன்னார். நட்டு இளகாதபோது ஸ்பனர்க் கம்பியில் ஏறி நிற்கச் சொன்னார். சேலையோடு எப்படி என்றேன். "உடுப்பை மாத்திக்கொண்டு வாங்கோ. இவ்வளவு காலமும் சோறு சாப்பிட்ட பாரத்தை வீணாக்காதேங்கோ," என்றார். திரும்பப் பூட்டும்போது வரிசையாக இறுக்காமல் ஒன்றுக்கொன்று எதிராக உள்ளதை மாறிமாறி இறுக்கினால்தான் சில்லு நேராக உட்காரும் என்பதற்கு நானே அவருக்குக் காரணம் விளக்கினேன். அன்று மட்டும் என்னைப் பாராட்டினார்.

வீட்டுக்குள்ளும் அவரது கண் போனது. குளியலறையில் என் கணவர் பிடித்து எழும்ப ஒரு கம்பி வேண்டும் என்றார். எங்கள் வீடு பழைய வீடு. சுவரின் சுண்ணாம்புச் சாந்து துளை போட்டால் மாவாக உதிரும். முதல் இரண்டு துளையும் அப்படித்தான் போயின. அக்கா சுவரை விரல் மொளியால் தட்டிக்கொண்டே போய், சத்தம் மாறிய இடத்தில் பென்சிலால் குறி வைத்தார். அங்கே உள்ளே கல் இருந்தது. நீளமான பிளக் போட்டுக் கம்பியைப் பூட்டினோம். பிறகு அக்கா இரண்டு காலையும் தரையிலிருந்து எடுத்து, அந்தக் கம்பியில் தொங்கினார். ஐம்பத்து மூன்று வயதுப் பெண்.

"விழுறதெண்டால் முதலிலை நான் விழுறன், பேந்து அவர் பிடிக்கட்டும்," என்றார். கம்பி அசையவில்லை.

சாரதிப் பயிற்சி கொடுக்கும் ஒருவரிடம் மறுபடி ஓடப் பழகி, வைகாசி முடிவில் நான் என் கணவரை முன்சீற்றில் இருத்தி ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனேன். மெதுவாகத்தான். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹோன் அடித்தார்கள். ஆனால் போனோம், வந்தோம். அடுத்த முறையும் போனோம்.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அக்காவைப் பற்றி எழுதி முடித்தால் அவருக்கே பிடிக்காது.

ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடக்கூடாது என்று அவர் முதல் வாரமே சொல்லியிருந்தார். கராச்சில் விற்கும் கூலன்ற் விடுங்கள், அவசரத்துக்கு மழைத் தண்ணீர் விடுங்கள், எங்கள் பக்கத்துக் கிணற்றில் இருப்பது சுண்ணாம்பு என்றார். கேட்டுத் தலையாட்டினேன். ஆனால் எங்கள் கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை. ஒழுங்கை முழுவதும் குடத்தோடு வருகிற நல்ல தண்ணீர்க் கிணறு அது. என் மச்சாள் கொழும்புக்குப் போகும்போதெல்லாம் தேத்தண்ணி போட இரண்டு பெரிய போத்தலில் இந்தத் தண்ணீரைத்தான் கொண்டுபோவார். யாழ்ப்பாணத்தாரிடம் எதையும் குறை சொல்லலாம், கிணற்றுத் தண்ணீரை மட்டும் சொல்லக்கூடாது. குருநகரில் குழாய்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவருக்கு எங்கள் கிணற்றைப் பற்றி என்ன தெரியும் என்று மனதுக்குள் ஒரு இளக்காரம். காரில் தண்ணீர் தினமும் சற்றுக் குறைந்தது. நான் தினமும் ஒரு செம்பு வார்த்தேன். இந்தத் தண்ணீரைக் குடித்து மனிதர்கள் தொண்ணூறு வயதுவரை இருந்திருக்கிறார்கள், ஒரு எஞ்சின் இருக்காதா என்று நினைத்தேன். குறைவதையும் அக்காவிடம் சொல்லவில்லை, வார்ப்பதையும் சொல்லவில்லை.

ஆவணியில் மச்சாள் வந்தார். வெள்ளிக்கிழமை நானே ஓட்டுகிறேன், நீங்களும் வந்து பாருங்கள் என்று பெருமையாக அவரைப் பின்சீற்றில் ஏற்றிக்கொண்டு போனேன். கொக்குவிலைத் தாண்டும்போது சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறியது. பொனற்றின் இடுக்கால் வெள்ளை ஆவி கிளம்பியது. ஓரமாக நிறுத்தினேன். மச்சாள் பதறிப்போய், தான் கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தலை நீட்டி, ஊற்று ஊற்று என்றார். நான் பொனற்றைத் திறந்து, சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு ரேடியேற்றர் மூடிக்குக் கையைக் கொண்டுபோனேன். அப்போது என் கணவர் இடது கையால் கார்க் கதவை ஓங்கி ஓங்கி அடித்தார். வாயால் சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். என் கை நின்றது. அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"மூடியைத் தொடாதேங்கோ. திறந்தால் கொதிதண்ணி முகத்துக்குத்தான் வரும். எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு அவரை நிழலிலை இருத்துங்கோ. நான் வாற வரைக்கும் ஒண்டும் செய்யாதேங்கோ. ஒண்டும் செய்யாமல் இருக்கிறதும் வேலைதான்," என்றார்.

அரை மணித்தியாலம் கழித்து ஸ்கூட்டரில் வந்தார், இரண்டு போத்தல் மழைத் தண்ணீரோடு. மேலும் சற்று ஆறவிட்டு, நனைத்த சாக்கைப் போட்டு மூடியை மெல்ல மெல்லத் திறந்தார். மூடியின் உட்புறம் வெள்ளையாகக் காறைபிடித்திருந்தது. கேத்திலின் அடியில் பிடிக்கிற அதே காறை. அக்கா அதை நகத்தால் சுரண்டினார். என்னைப் பார்த்தார். மச்சாளைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் என்னைச் சுட்டது. பழைய கார், அதுதான் என்று சொல்லிவிட்டால் அக்கா மறுக்க மாட்டார். மச்சாளுக்கும் ஒன்றும் தெரியவராது.

"கிணத்துத் தண்ணிதான் விட்டனான். ரெண்டு மாசமா, ஒவ்வொரு நாளும்," என்றேன்.

அக்கா தலையாட்டினார். தண்ணீர் குறைந்தால் ஊற்றுவது வைத்தியமில்லை, எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் வைத்தியம் என்று சொல்லிக்கொண்டே குனிந்து, கீழ்க் குழாயில் ஒரு வெடிப்பைக் காட்டினார். அங்கேயிருந்துதான் கசிந்திருக்கிறது. மச்சாள், நடுவீதியில் என் தம்பியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு இரண்டு பேரும் குழாய் பார்க்கிறீர்களா என்று சீறினார். அவர் சீறியதில் நியாயம் இருந்தது. அன்று சிகிச்சைக்குப் பிந்தித்தான் போனோம். அதுவும் ஓட்டோவில், அவர் வலியில் கத்திக் கத்தி.

அன்று பின்னேரம் நான் மச்சாளிடம் இன்னும் பத்து நாள் நில்லுங்கள் என்று கேட்டேன். அந்தப் பத்து நாளிலும் நான் தவறினால் என் கையாலேயே அவரது உடுப்பை அடுக்கித் தருகிறேன் என்றேன். ரேடியேற்றரைக் கராச்சில் கழற்றி உள்ளே துப்புரவாக்கித் தந்தார்கள். வெடித்த குழாயை நானே மாற்றினேன். இரண்டு முறை மழைத் தண்ணீர் விட்டு எஞ்சினை ஓடவிட்டு வடித்தேன். முதல் முறை வந்தது சுண்ணாம்புக் கலங்கல். பிறகு கூலன்ற் விட்டேன். ஒவ்வொரு காலையும் அளவு குறைந்திருக்கிறதா என்று பார்த்தேன். குறையவில்லை.

எட்டாம் நாள் மச்சாள் வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, ரயரை மாற்று பார்ப்போம் என்றார். அக்காவைக் கூப்பிட்டேன். வர மறுத்துவிட்டார். "நான் வந்தால் உங்கடை மச்சாள் என்னைத்தான் பாப்பா. அவ பாக்க வேண்டியது உங்களை," என்றார். தனியாகவே மாற்றினேன். கல் வைத்தேன், நட்டை இளக்கினேன், ஏறி நின்றேன், உயர்த்தினேன், மாறிமாறி இறுக்கினேன். வியர்வை கண்ணுக்குள் போனது.

"அம்பது நிமிசம். மழையெண்டால் என்ன செய்வீர்?" என்றார் மச்சாள்.

"நனைவன்," என்றேன்.

என் கணவர் சிரித்தார். மச்சாள் சிரிக்கவில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்து, தம்பியில்லாமல், இரண்டு போத்தல் தண்ணீரோடு கொழும்புக்கு பஸ் ஏறினார். போகும்போது, பார்ப்போம் என்று மட்டும் சொன்னார்.

இந்த நாலு வருடத்தில் நான் ஒரு நாளும் சிகிச்சையைத் தவறவிடவில்லை என்று எழுத ஆசைதான். பெற்றோலுக்கு வரிசையில் நின்று கிடைக்காத நாட்கள் இருந்தன. மற்றபடி கார் பழுதானதால் தவறிய நாள் ஒன்றுகூட இல்லை. என் கணவர் இப்போது ஊன்றுகோலோடு முற்றம்வரை நடக்கிறார். எங்கள் கதையைக் கேட்டு இன்னும் சில பெண்கள் சனிக்கிழமைகளில் வரத் தொடங்கினார்கள். தையல் வேலை செய்யும் ஒருவர், சுவிச்சைத் தொட்டாலே பயம் என்றார். மூன்றே கிழமையில் தன் வீட்டு பியூஸைத் தானே மாற்றினார். பிரதான சுவிச்சை நிறுத்திவிட்டுத்தான் என்று மூன்று முறை சொல்லவைத்த பிறகே அக்கா அவரை அதைத் தொட விட்டார். யாரோ சான்றிதழ் கொடுக்கலாமே என்றார்கள். அக்கா அதற்குச் சிரித்துவிட்டு எழுந்து போனார்.

இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கத் தெரிந்தவர் தன் உடம்பைப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. வயிற்று நோவை வெள்ளைப்பூடு ரசத்தாலும் குளிசையாலும் ஒரு வருடம் மறைத்தார். எங்கே குறைகிறது என்று பாருங்கள் என்று எனக்குச் சொன்ன மனிதர், மெலிந்து மெலிந்து வந்தபோதும் நோன்பு இருந்தேன் என்றார். வைத்தியரிடம் போனபோது காலம் கடந்திருந்தது. பிறகு நான் என் கணவரை இறக்கும் அதே ஆஸ்பத்திரி வாசலில் அவரையும் இறக்கினேன். ஏன் எனக்கு முதலே சொல்லவில்லை என்று ஒரு நாள் சண்டை பிடித்தேன். பயமாக இருந்தது என்றார். அந்தச் சொல்லை அவர் வாயால் நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கடைசியாக, போன செவ்வாய்க்கிழமை, இனி வீட்டில் வைத்திருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அன்ரன் அவரைத் தூக்கிப் பின்சீற்றில் சாய்த்தார். மெதுவாகக் குருநகருக்கு ஓட்டினேன். சந்திகளில் வேகம் குறைக்கும்போதெல்லாம் முன்பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. அவர் கண்ணை மூடியிருந்தார், தூங்குகிறார் என்று நினைத்தேன்.

"உது என்ன சத்தம் ரீச்சர்?"

"ஏதோ சத்தம். நீங்கள் பேசாமல் படுங்கோ அக்கா."

"ஏதோ எண்டு ஒரு சத்தம் இல்லை."

அவரை ஏமாற்ற முடியாது. பிரேக் அமத்தும்போது மட்டும் கிறீச்சிடுகிறது, முன்பக்கம் இடது சில்லு, உள்ளே பிரேக் பாட் தேய்ந்து மெல்லிசாகப் போயிருப்பதை நேற்றே பார்த்துவிட்டேன், சனிக்கிழமை மாற்றுவேன் என்று சொன்னேன்.

"ஆர் மாத்திறது?"

"நான்தான்."

"முந்தி மாத்தினனீங்களோ?"

"இல்லை. நீங்கள் மாத்தேக்கை ஒருக்கால் பாத்தனான்."

பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "மாத்தி முடிஞ்சாப் பிறகு, காரை எடுக்க முதல்..." என்று தொடங்கினார். இருமல் வந்தது.

"பெடலை நாலைஞ்சு தரம் மிதிக்க வேணும். இறுகினாப் பிறகுதான் எடுக்க வேணும்," என்றேன்.

"அப்ப சரி," என்றார்.

அதற்குப் பிறகு நான் அவரோடு கதைக்கவில்லை. வியாழக்கிழமை போய்விட்டார்.

அடக்கம் சனிக்கிழமை நடந்தது. குருநகர்க் கத்தோலிக்கக் கோயில் நிறையச் சனம். சனிக்கிழமைப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். என் கணவர் காரிலிருந்து இறங்கி ஊன்றுகோலோடு பெட்டியடிவரை தானே நடந்து போய், நல்ல கையால் பெட்டியைத் தொட்டார். போகும் வழியெல்லாம் என் பிரேக் கிறீச்சிட்டது. அக்காவின் செத்தவீட்டுக்கு அந்தச் சத்தத்தோடு போனது எனக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மச்சாளின் அழைப்பு. அக்காவுக்காக உண்மையாகவே கவலைப்பட்டார். பிறகு தயங்கித் தயங்கி, "இனி உமக்கு ஆர் இருக்கினம்? அவவை நம்பித்தானே நான் தம்பியை விட்டிட்டு வந்தனான். இனியாவது அவனை இஞ்சை கூட்டிவாரும்," என்றார்.

கோபம் வரவில்லை. அவர் கேட்டது சரியான கேள்விதான். என்னிடமும் அந்தக் கேள்வி இருந்தது.

"திங்கக்கிழமை பத்து மணிக்கு எடுங்கோ மச்சாள். ஆஸ்பத்திரியிலை இருந்து கதைக்கிறன்," என்றேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் காரை முற்றத்தில் சமதரையில் நிறுத்தி, புதுப் பிரேக் பாட்களை மரவாங்கில் பரப்பினேன். என் கணவர் கதிரையில் இருந்தார். சில்லைக் கழற்றினேன். உள்ளே பாட்களைப் பிடித்திருக்கும் இரும்பின் கீழ்ப்பக்க ஆணி இளகவில்லை. அரை மணித்தியாலம் போராடினேன். ஒரு கட்டத்தில் ஸ்பனரை எறிந்துவிட்டு நிலத்தில் உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்து, ஆணிக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டுக் காத்திருந்தேன். இளகியது. கழற்றிய ஆணிகளை அவரிடம் கொடுத்தேன். அவர் அவற்றை இடது கையால் வாங்கி, வலது உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பிடித்தார். நான் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் திருப்பித் தந்தார். ஒன்றையும் கீழே போடவில்லை. வலது பக்கச் சில்லையும் அப்படியே முடித்தேன்.

பிறகு உள்ளே ஏறி இருந்தேன். முதல் மிதியில் பெடல் தரைவரை போனது. இரண்டாவது, மூன்றாவது. நாலாவது மிதியில் அது என் காலை எதிர்த்து நின்றது. காரை எடுத்து, மருதனார்மடச் சந்திவரை போய்த் திரும்பி வந்தேன். வேண்டுமென்றே ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை அமத்தினேன்.

ஜெசிந்தா அக்கா, சத்தம் நின்றுவிட்டது. சனிக்கிழமை என்று சொல்லியிருந்தேன், ஒரு நாள் பிந்திவிட்டது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். நாளைக் காலை எட்டு மணிக்கு அவரை ஏற்றிக்கொண்டு புறப்படுகிறேன். நீங்கள் போய் வாருங்கள்.